திருப்பி அழைத்தால் எடுக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல தொலைபேசி எண்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், தாங்கள் அழைக்கும்போது மறுமுனையில் எந்த எண் தெரிகிறது என்பதைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தாயாரின் பரிசோதனை முடிவைச் சொல்ல ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரே நாளில் மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு எண்கள். நான் சேமித்து வைத்திருந்த வரவேற்பறை எண் அவற்றில் இல்லை. விளம்பர அழைப்புகள் என்றெண்ணி எடுக்காமல் விட்டேன். மாலையில் ஐயம் எழுந்து திருப்பி அழைத்தபோது, இரண்டு எண்களில் அழைப்பே இணையவில்லை. மூன்றாவதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. முடிவு தெரிய மறுநாள் ஆயிற்று. அந்த ஓர் இரவை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்பதை எண்ணினால் இன்றும் மனம் பதைக்கிறது.

அலுவலகத்தின் உள் தொலைபேசிகளை வெளி இணைப்புகளோடு சேர்க்கும் பி.பி.எக்ஸ். கருவி, வெளியே செல்லும் அழைப்பை அந்நேரம் காலியாக உள்ள ஏதேனும் ஒரு இணைப்பில் அனுப்புகிறது. அந்த இணைப்பின் எண்ணே திரையில் தோன்றும்படி விட்டுவிடுவதால்தான் இக்குழப்பம் நேர்கிறது. எந்த இணைப்பில் சென்றாலும் ஒரே பொது எண்ணையோ, அந்தந்தப் பிரிவுக்குரிய எண்ணையோ காட்டும்படி அமைத்துக்கொள்ள வழியுண்டு. பிரிவுக்கு ஓர் எண் என்பதே சரி என்பது என் கருத்து. பொது எண்ணுக்குத் திருப்பி அழைப்பவர், தம்மை யார் எதற்காக அழைத்தார் என்பதை அறியாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறார். அவசர உதவிக்கான அழைப்புகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. பல கட்டடங்களில் கிளைகள் உள்ள நிறுவனத்தில் தலைமையகத்தின் எண்ணே எங்கும் தெரியுமானால், உதவிக்கு வருபவர்கள் வேறு முகவரிக்குப் போய்விடக்கூடும்.

எண்ணை மாற்றிக் காட்டும் இதே வசதியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துவதால், திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா என்பதற்கு அழைப்போடு சான்றளிக்கும் ஸ்டிர், ஷேக்கன் என்ற முறை வந்துள்ளது. அமெரிக்காவில் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 முதல் இது கட்டாயமாயிற்று. இதில் வாடிக்கையாளரையும் அந்த எண்ணின் மீது அவருக்குள்ள உரிமையையும் தொலைபேசிச் சேவையாளர் அறிந்திருந்தால்தான் ஏ என்ற முதல் நிலைச் சான்று கிடைக்கும். வாடிக்கையாளரை மட்டும் அறிந்திருந்தால் பி என்ற அடுத்த நிலைச் சான்றே கிடைக்கும். ஓரிடத்தில் எண் வாங்கி வேறொரு சேவையின் வழியே அழைக்கும் நிறுவனங்கள், தம் உரிமையை அச்சேவையாளரிடம் பதிவு செய்யாவிட்டால், நேர்மையாக நடந்தும் கீழ்நிலைச் சான்றே பெறும்.

தம் அழைப்பில் எந்த எண் தெரிகிறது என்பதைச் சரிபார்ப்பது கடினமன்று. பொறுப்பில் உள்ளவர் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தம் கைப்பேசிக்கு ஒருமுறை அழைத்து, தெரிந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வெளியிலிருந்து அதே எண்ணுக்குத் திருப்பி அழைத்துப் பார்த்தால், யார் எடுக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்