தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார், எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார், வந்ததும் கேட்டது களியும் கீரைக் கடைசலும். நடு ராத்திரியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ரத்தம் தேவைப்பட்டது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை மறுபடி விரிவாக எழுத இப்போது தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த தம்பிகள், நடு ராத்திரியில் கார் எடுத்த சித்தப்பா, தர்மபுரி பெரியாஸ்பத்திரி டாக்டர்கள், சிஸ்டர்கள், எங்கள் மாடுகளுக்குத் தண்ணி காட்டிய பக்கத்து வீட்டு அத்தை, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் காரிமங்கலம் பக்கமிருந்து காலையில் போகும் டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். தாத்தாவுக்கு 101 வயது, ஆயாவுக்கு 95. கல்யாணம் 1946-ல். "நான் கரைச்சாத்தான் அவரு கூழ் குடிப்பாரு" என்று ஆயா தினமும் கூழ்ப் போசியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார், எங்கள் பேச்சு எடுபடவில்லை. ஸ்டாப் வரைக்கும் அவரால் நடக்க முடியாது. ஒருநாள் வழியில் பார்த்த அண்ணன், அடுத்த நாளிலிருந்து எங்கள் மண்பாதை முனையிலேயே விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். இறங்கி வந்து முதலில் போசியை வாங்கி உள்ளே வைப்பார், அப்புறம் ஆயா கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றுவார். பெண்களுக்கு டவுன் பஸ் 2021-லிருந்து இலவசம். ஓசி டிக்கெட் என்று முகம் சுளிக்கிறவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன், இவரோ "ஆயா, தாத்தா நேத்து எவ்வளவு குடிச்சாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த சீட்டுக்கே போவார். ஆயா தாமதமான நாளில் பஸ் நின்றது, உள்ளே இருந்த ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

1950-களில் கிருஷ்ணகிரி அணை கட்டும்போது தாத்தா அங்கே கல் சுமக்கப் போனார். சனிக்கிழமை கூலி வாங்கி, ராத்திரி முழுக்க நடந்து வீட்டுக்கு வருவாராம். அதற்கப்புறம் இருவரும் பிரிந்திருந்தது இப்போதுதான் என்று ஆயா பஸ்ஸில் அண்ணனிடம்தான் சொல்லியிருக்கிறார், எங்களிடம்கூட இதுவரை சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் பெரியவர்களை உட்காரவைத்து எதுவும் கேட்பதே இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. இனி கேட்டு எழுதிவைக்கப் போகிறேன். மூணு மாசத்துக்கு ஒருமுறை ரத்தமும் கொடுப்பேன், இது சத்தியம்.

கண்டக்டர் அண்ணா, இதை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். லீவு நாளில் வீட்டோடு கிளம்பி வாங்க, நாட்டுக்கோழி அடிக்கணும் என்று ஆயா சொல்லிவிட்டார்.