திறக்காத மெயில்

அன்புள்ள மகளுக்கு,

"நான் சோம்பேறிம்மா" என்று நேற்று போனில் சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. சோம்பேறி நிம்மதியாகத் தூங்குவான். உனக்குத் தூக்கமே இல்லை. ஆய்வேட்டைத் திறக்கிறாய், தலைப்பின் எழுத்துருவை மாற்றுகிறாய், மூடிவிட்டு அலமாரியை அடுக்கப் போகிறாய். கைடு அனுப்பிய மெயிலை இன்னும் திறக்கவில்லை. என்ன திட்டியிருப்பாரோ என்ற பயம். திறக்காதவரை திட்டும் கிடையாது, கொஞ்சம் மூச்சு விடலாம்.

அந்தக் கொஞ்ச நேர நிம்மதிதான் உன்னைப் பிடித்துவைக்கிறது. தள்ளிப்போட்டதும் நெஞ்சு லேசாகிறதா, மனம் அதையே பழகிக்கொள்கிறது. டைஸ், பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைச் செமஸ்டர் நெடுகக் கவனித்து 1997-இல் எழுதினார்கள். தள்ளிப்போடுகிறவர்களுக்குத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட மன அழுத்தம் குறைவு, உடம்பும் நன்றாக இருந்தது. கெடு நெருங்கியதும் தலைகீழ்: அழுத்தமும் அதிகம், உடம்புக்கு முடியாமல் போவதும் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. கடைசி நேர டென்ஷனில்தான் எழுத வருகிறது என்று நீ சொல்வதை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் படித்தேன். வோல், பிச்சில், பென்னட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010-இல் வெளியிட்டது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லையாம். நீ ராத்திரி முழுக்க உன்னையே திட்டிக்கொள்கிறாயே, அதனால் ஒரு வரியாவது எழுதினாயா? போன செமஸ்டரை விட்டுவிடு, கண்ணம்மா.

பயம் போகட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருக்காதே. நாளைக் காலை பல் தேய்த்ததும் அந்த மெயிலை மட்டும் திற. பதில்கூட எழுத வேண்டாம். மறுநாள் ஆய்வு முறை பகுதியை எடு. நீ செய்ததை அப்படியே எழுதினால் போதும், தப்பும் தவறுமாக இருக்கட்டும். அதை அரைகுறையாகவே கைடுக்கு அனுப்பு. திருத்தத்தான் அவர் இருக்கிறார். வெறும் தாளில் அவரால் எதைத் திருத்த முடியும்?

சரி, தூக்கமும் சாப்பாடும் இப்படியே இருந்தால் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைப் போய்ப் பார். இதை மட்டும் தள்ளிப்போடாதே. பட்டம் ஒரு செமஸ்டர் தாமதமானால் குடிமுழுகிப் போகாது. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார்.

மெயிலைத் திறக்கும்போது துணை வேண்டுமென்றால் எந்த நேரமானாலும் கூப்பிடு. நீ படித்து முடிக்கும்வரை லைனில் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா