மைக்ரேஷன் சக்சஸ்னு சொன்ன பிளாட்ஃபார்ம் டீமுக்கு ஒரு திறந்த மடல்

பிளாட்ஃபார்ம் டீம் மக்களுக்கு வணக்கம்,

டிக்கெட் போட்டா "ரிசால்வ்ட்"னு மூடிடறீங்க, மீட்டிங்ல பேசினா அடுத்த மீட்டிங்குக்கு தள்ளிடறீங்க, அதனாலதான் நாலு பேர் பாக்கற மாதிரி இங்க எழுதறேன். கம்பெனி பேரு வேண்டாம். எங்கெல்லாம் கேவிஎம்மும் (ஒரு சர்வர்ல பல விஎம், அதாவது வர்ச்சுவல் மெஷின் ஓட்டற லினக்ஸ் வசதி) பழைய ஆப்டேன் சர்வரும் (கரன்ட் போனாலும் டேட்டா நிக்கற இன்டெல் மெமரி போட்டது) சேர்ந்து ஓடுதோ அங்கெல்லாம் உங்கள மாதிரி ஒரு டீமும் என்னை மாதிரி பொலம்பற ஒரு டேட்டாபேஸ்காரனும் இருக்கத்தான் செய்வாங்க, அவங்களும் படிக்கட்டும்.

நடந்தத ஒரு தடவ வரிசையா சொல்லிடறேன், ஏன்னா உங்க ரிப்போர்ட்ல "மின்தடையால் ஏற்பட்ட பாதிப்பு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. வியாழக்கிழமை ராத்திரி முதல் ஹோஸ்ட்ல (விஎம் ஓடற நிஜ சர்வர்) ஃபர்ம்வேர் அப்டேட்டுன்னு எங்க டிபி (டேட்டாபேஸ்) விஎம்ம ரெண்டாவது ஹோஸ்டுக்கு லைவ் மைக்ரேட் பண்ணீங்க, அதாவது ஓடிட்டு இருக்கறப்பவே நகத்தினீங்க. அந்த விஎம்ல 200 ஜிபி வர்ச்சுவல் என்விடிம் (கரன்ட் போனாலும் டேட்டா நிக்கற மெமரி மாட்யூல்) இருக்கு, டிபியோட லாக் மொத்தமும் அதுலதான் எழுதறோம். மைக்ரேஷன் 100 சதவீதம், கனெக்ஷன் ஒண்ணு கூட அறுபடல, சாட்ல தம்ஸ் அப் மழை. வெள்ளிக்கிழமை காலைல பாத்தா கமிட் டைம் (எழுதினது பத்திரமா பதிஞ்சுதுன்னு டிபி சொல்ல ஆகற நேரம்) முன்னவிட குறைஞ்சிருக்கு! புது ஹோஸ்ட் ராசியான ஹோஸ்டுன்னு நானே சொன்னேன், என் வாய்க்கு சர்க்கரை போடணும். ஞாயித்துக்கிழமை அந்த ரேக்ல பவர் போச்சு. திரும்ப வந்தப்ப டிபி எழுந்திரிக்கல, லாக்ல செக்சம் தப்பு, கடைசி அரை நிமிஷ கமிட்ல பாதி இருக்கு பாதி இல்ல, அதுவும் வரிசை மாறி. ரெப்ளிகா ஒண்ணு தனியா இருந்ததால பொழச்சோம்.

திங்கக்கிழமை பூரா தோண்டினதுல கிடைச்சது இதுதான். ரெண்டாவது ஹோஸ்ட் அதுக்கு முன்னாடி எப்பவோ ஒரு தடவ ரீபூட் ஆகியிருக்கு. அப்ப பிமெம் (பெர்சிஸ்டன்ட் மெமரி, அதாவது அந்த ஆப்டேன்) மேல இருக்கற டாக்ஸ் ஃபைல்சிஸ்டம் (நேரா பிமெம்லயே படிச்சு எழுதற முறை) மவுன்ட் ஆகல, எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எத மவுன்ட் பண்ணணும்ங்கற லிஸ்ட்) "நோஃபெயில்"னு போட்டிருந்ததால பூட்டும் நிக்கல, யாருக்கும் தெரியல. மவுன்ட் ஆகலன்னாலும் அந்த டைரக்டரி இருக்கும் இல்லையா, வெறும் டைரக்டரி, ரூட் டிஸ்க்ல. உங்க மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் போயி அந்த பாத்ல 200 ஜிபிக்கு ஒரு காலி ஃபைல உருவாக்கிடுச்சு. பாத் ஒண்ணுதான், பேரு ஒண்ணுதான், சைஸ் ஒண்ணுதான். விஎம்ம ஓட்டற கியூஎமு புரோகிராமுக்கு அது போதும், என்விடிம்முக்கு பின்னாடி ஃபைல் இருக்கா, இருக்கு, வா உள்ளன்னு ஏத்துக்கிச்சு. கெஸ்ட் (விஎம்முக்குள்ள ஓடற ஓஎஸ்) பாவம் வெளுத்ததெல்லாம் பால்னு நம்பிடுச்சு.

இப்ப வேகம் ஏன் கூடுச்சுன்னு புரியுதா? கெஸ்ட் எழுதறதெல்லாம் ஹோஸ்டோட பேஜ் கேஷ்ல, அதாவது சாதா ரேம்ல (டிராம்) விழுந்துட்டிருக்கு. ஆப்டேன்ல ரேண்டமா ஒரு ரீட் ஏறக்குறைய 300 நானோ செகண்ட், டிராம்ல அதுல மூணுல ஒரு பங்குதான் ஆகும். கெஸ்ட் ஒழுங்கா சிபியூ கேஷ ஃப்ளஷ் பண்ணி "பத்திரமா போய்டுச்சு"ன்னு கமிட்டுக்கு ஓகே சொல்லுது, ஆனா அது போய் சேர்ற இடம் கரன்ட் போனா காணாம போற இடம். லினக்ஸ் கெர்னல் அந்த பேஜையெல்லாம் டிஸ்க்ல எழுத டீஃபால்ட்டா 30 செகண்ட் வரைக்கும் எடுத்துக்கும், அதான் கரெக்டா கடைசி அரை நிமிஷம் நாசம். விஎம் ஓடிட்டு இருக்கற வரைக்கும் எந்த மானிட்டரிங்லயும் இது சிக்காது, ஏன்னா ஓடற வரைக்கும் எல்லாமே சரியாத்தான் இருக்கு.

இதுல எனக்கு உங்க மேல கோவம் வந்த இடம் ஸ்கிரிப்ட் இல்லீங்க, ஸ்கிரிப்ட் யாரு வேணா தப்பா எழுதலாம். எங்க விஎம்மோட லிப்வெர்ட் எக்ஸ்எம்எல்ல (கியூஎமுவ நிர்வகிக்கற டூலோட செட்டிங் ஃபைல்) பிமெம்னு ஒரு எலிமென்ட் போடவே இல்ல. லிப்வெர்ட் 5.0லருந்தே அது இருக்கு, போட்டா கியூஎமு பக்கம் "பிமெம் ஆன்"னு போகும். அத போட்டாத்தான் மைக்ரேஷன்ல வந்து இறங்கற டேட்டாவ கியூஎமு நிஜமான பெர்சிஸ்டன்ட் மெமரில எழுதற முறைல எழுதி முடிக்கும், என்விடிம்மோட லேபிள் ஏரியால (அதோட பிரிவு விவரம் வைக்கற சின்ன இடம்) அது எழுதறதையும் அப்படியே. போடலன்னா சரியான டாக்ஸ் மவுன்ட்லயே இறங்கினாலும் கடைசில வந்த கொஞ்சம் டேட்டா சேர்ற ஹோஸ்டோட சிபியூ கேஷ்லயே தங்கிட்டு இருக்கலாம், அந்த நேரம் பாத்து பவர் போனா அதுவும் காலி. ஷேர் ஆன் போட்டிருக்கோமே போதாதான்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டார். போதாது அண்ணே. ஷேர் ஆன் இல்லன்னா எழுதறது ஃபைலுக்கே போகாது, அது வேற கதை, இது வேற கதை.

பிமெம் ஆன் போட்டிருந்தாலும் நம்ம கேஸ்ல மைக்ரேஷன் நின்னிருக்காதுங்கறதையும் நியாயமா சொல்லிடறேன். டாக்ஸ் இல்லாத ஃபைல்ல அத போட்டா கியூஎமு ஒரு வார்னிங் மட்டும் எழுதும்: க்ராஷ் ஆனாலும் டேட்டா நிக்கணும்னு கேட்டீங்க, இந்த ஃபைல்ல அது முடியல, அது இல்லாமலே மேல போறேன், ஹோஸ்ட் விழுந்தா டேட்டா கெட்டுப்போகலாம், இந்த அர்த்தத்துல. எரர் இல்ல, வெறும் வார்னிங். அது போய் உக்கார்ற இடம் அந்த விஎம்மோட கியூஎமு லாக் ஃபைல், அத யாரு தொறந்து பாக்கறா? மைக்ரேஷன் முடிஞ்ச உடனே சேர்ந்த ஹோஸ்ட்ல அந்த லாக்ல இந்த வார்னிங் இருக்கான்னு கிரெப் பண்ணிட்டு, இருந்தா சாட்ல தம்ஸ் அப்புக்கு பதிலா சிவப்பு போடுங்க. ரெண்டு வரி வேலை.

அதவிட நல்லது, அந்த தப்பு நடக்கவே முடியாதபடி பண்றது. மவுன்ட் ஆகாத நிலைல அந்த காலி டைரக்டரிய இம்யூட்டபிள் ஆக்கிடுங்க, சாட்டர் கமாண்ட்ல பிளஸ் ஐ, அவ்ளோதான். மவுன்ட் ஆனா மேல வேற ஃபைல்சிஸ்டம் வந்துடும், வேலை நடக்கும், மவுன்ட் ஆகலன்னா ரூட்டே வந்தாலும் உள்ள ஃபைல் உருவாக்க முடியாது, ஸ்கிரிப்ட் அங்கயே செத்துடும். இல்ல ஃபைலே வேண்டாம்னா விஎம்முக்கு ஒரு நேம்ஸ்பேஸ்னு (பிமெம்ல தனியா பிரிச்ச ஒரு துண்டு) டெவ்டாக்ஸ் மோட்ல, அதாவது ஃபைல்சிஸ்டம் இல்லாம நேரா டிவைஸாவே குடுத்துடுங்க. டிவைஸ் இருந்தா இருக்கு இல்லன்னா இல்ல, நடுவுல ஏமாத்து வேலைக்கு இடமில்ல. ஓபன்ஸ்டாக் நோவால (கிளவுட்ல விஎம் உருவாக்கற ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) 2019 டிரெயின் ரிலீஸ்ல விபிமெம் (விஎம்முக்கு குடுக்கற பிமெம்) சேத்தப்ப அவங்களும் டெவ்டாக்ஸ் நேம்ஸ்பேஸ்தான் கேட்டாங்க.

டெவ்டாக்ஸ் போறதா இருந்தா ஒரு விஷயம், ரெண்டு ஹோஸ்ட்லயும் என்டிசிடிஎல்ல (நேம்ஸ்பேஸ் உருவாக்கற கமாண்ட்) ஒரே சைஸ் குடுத்தும் ஒண்ணுல சின்னதா வந்துச்சுன்னு போன வருஷம் மண்டைய ஒடச்சிட்டு இருந்தீங்களே ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் கெர்னல் 64 பைட் கணக்கு எழுதி வைக்கணும், ஒரு டெராபைட்டுக்கு 16 ஜிபி. அந்த கணக்க பிமெம்லயே வைக்கறதா டிராம்ல வைக்கறதாங்கறது மேப் ஆப்ஷன், ஒரு ஹோஸ்ட்ல டெவ், இன்னொண்ணுல மெம்னு போட்டிருந்தீங்க. அதனால சைஸ் ஒத்துவராம மைக்ரேஷன் ஆரம்பத்துலயே அடம் பிடிச்சுது. அப்ப திட்டினேன், இப்ப சொல்றேன், இந்த மாதிரி மொகத்துக்கு நேரா சண்ட போடற எரர் எவ்வளவோ தேவல.

அப்பறம் நேரம். சாதா விஎம்ல டிஸ்க் ஷேர்டு ஸ்டோரேஜ்லயே இருக்கும், ரேம் மட்டும்தான் நகரும். பிமெம் விஎம்ல அப்படி இல்ல, வீடு மாத்தறப்ப சாமான் செட்டோட கெணத்தையும் பேத்து லாரில ஏத்தற மாதிரி, 200 ஜிபியும் ரேமாவே கணக்கு வச்சு ஒயர்ல போகணும். 10 கிகாபிட் லைன முழுசா உறிஞ்சினாலே ஒரு சுத்துக்கு 160 செகண்ட், அந்த நேரத்துல எங்க லாக் திரும்ப திரும்ப எழுதற பேஜெல்லாம் மறுபடி டர்ட்டி ஆகி (மாறிப்போய்) மறுபடி போகணும். போஸ்ட் காப்பி (விஎம்ம முதல்ல நகத்திட்டு மெமரிய அப்பறம் இழுக்கறது) இதுல நடக்காது, அதுக்கு வேண்டிய பேஜ் ஃபால்ட் பிடிக்கற வசதி டாக்ஸ் ஃபைல்ல இல்ல. மிச்சம் ஆட்டோ கன்வர்ஜ்தான், அது எழுதற வேகம் குறையட்டும்னு என் சிபியூவ கழுத்த நெரிச்சு வழிக்கு கொண்டு வரும், ராத்திரி பேட்ச் ஜாப் ஓடறப்ப அத பண்ணா கஸ்டமர் எங்களதான் கூப்பிடுவான். ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லுங்க, பேட்ச நிறுத்தி வைக்கிறேன், அவ்ளோதான் கேக்கறேன்.

உங்ககிட்ட 2020ல வாங்கின கேஸ்கேட் லேக் (இன்டெல் சிபியூவோட பழைய தலைமுறை) ஹோஸ்டும் இருக்கு, அப்பறம் வந்த ஐஸ் லேக் ஹோஸ்டும் இருக்கு. ஐஸ் லேக்ல சில மெஷின்ல இஏடிஆர் உண்டு, பவர் போனா சிபியூ கேஷ்ல இருக்கறதையும் ஹார்டுவேரே கொண்டு போய் சேத்துடும். பழசுல மெமரி கன்ட்ரோலர் வரைக்கும் வந்து சேர்ந்ததுக்குத்தான் கேரண்டி. கியூஎமுல என்விடிம் பெர்சிஸ்டன்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல "சிபியூ"ன்னு போட்டா கெஸ்டுக்கு போற ஏசிபிஐ டேபிள்ல (ஹார்டுவேர் விவரத்த ஓஎஸ்ஸுக்கு சொல்ற பட்டியல்) "ஃப்ளஷ் பண்ண வேணாம், நாங்க பாத்துக்கறோம்"னு போகும். கெஸ்ட் அத பூட் ஆகறப்ப ஒரு தடவதான் படிக்கும். அப்படியே அந்த விஎம்ம பழைய ஹோஸ்டுக்கு மைக்ரேட் பண்ணா? அது பாட்டுக்கு ஃப்ளஷ் பண்ணாம எழுதிட்டு இருக்கும், கீழ கேரண்டி குடுக்க ஆளு இல்ல. இது நமக்கு இன்னும் நடக்கல. ஆனா புது ஹோஸ்ட்ல பெர்ஃபார்மன்ஸ் ட்யூன் பண்றேன்னு யாராவது ஒருத்தர் அத தட்டி விட்டுட்டா கதை முடிஞ்சுது, மைக்ரேட் ஆக வேண்டிய விஎம் எல்லாத்துக்கும் அந்த செட்டிங்க மெம் கன்ட்ரோலர்னே வச்சிடுங்க.

கேவிஎம்முக்கு பதிலா விஎம்வேர் பக்கம் போய்டலாமேன்னு மேனேஜர் கேட்டார்னு கேள்விப்பட்டேன். அங்க மட்டும் மந்திரமா? 2018ல விஸ்பியர் 6.7ல வந்தப்பவே ரெண்டு விதமா பிரிச்சு வச்சாங்க. விபிமெம்னா கெஸ்டுக்கு நேரடி என்விடிம், போய் சேர்ற ஹோஸ்ட்லயும் பிமெம் இருந்தே ஆகணும். விபிமெம்டிஸ்க்னா கெஸ்டுக்கு அது சாதா ஸ்கசி டிஸ்க், பிமெம் இல்லாத ஹோஸ்டுக்கு போறப்ப வழக்கமான டேட்டாஸ்டோருக்கு மாத்திக்கலாம், வேகம் போகும் ஆனா விஎம் பொழைக்கும். அந்த பிரிவு எனக்கு பிடிச்சிருக்கு, விஎம் உருவாக்கறப்பவே "இது நகரணுமா, நகந்தா எங்க"ன்னு கேக்க வைக்குது. நீங்க எங்ககிட்ட அத கேக்கவே இல்ல, நாங்களும் பிமெம் கிடைக்குதேன்னு வாய பொளந்துட்டு வாங்கிக்கிட்டோம், அதுல என் பங்கும் இருக்கு.

இன்னொண்ணு, எங்க விஎம் முன்னாடி இருந்த முதல் ஹோஸ்ட்ல எங்க டேட்டாவோட காப்பி அப்படியே கெடக்குது. அது ரேம் இல்ல, ரீபூட் பண்ணா போகாது. அந்த இடத்த வேற டீமுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஜீரோ பண்ணிடுங்க. போன வாரம் பாத்தப்ப பண்ணல.

ஏன் இவ்வளவு அவசரமா எழுதறேன்னா, இன்டெல் ஆப்டேன 2022 ஜூலைல மூடப்போறோம்னு சொல்லிட்டாங்க, 559 மில்லியன் டாலர் ஸ்டாக்க நஷ்டக் கணக்குல எழுதினாங்க. நம்ம ரேக்ல சாக்கெட்டுக்கு 6 மாட்யூல், ஆறும் ஒரே இன்டர்லீவ் செட், அதாவது டேட்டா ஆறுலயும் பிரிஞ்சு கெடக்கும். அதுல ஒண்ணு செத்தா அந்த செட்ல இருக்கற எல்லா விஎம்மோட பிமெமும் போச்சு, மாத்த ஸ்பேர் தேடி அலையணும். அப்படின்னா மாட்யூல் எரர் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்ச உடனேயே அந்த ஹோஸ்ட காலி பண்ணுவீங்க, இனிமே இந்த விஎம்ம எல்லாம் இதுக்கு முன்னவிட அதிகமா நகத்துவீங்க.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். டெஸ்ட் விஎம் ஒண்ணு எடுங்க, 20 ஜிபி என்விடிம் போதும். நான் ஒரு சின்ன புரோகிராம் தர்றேன், நம்பர் ஒண்ணு ஒண்ணா கூட்டி பிமெம்ல எழுதி, ஃப்ளஷ் ஆனப்பறம் அந்த நம்பர நெட்வொர்க்ல என் லேப்டாப்புக்கு அனுப்பும். அது ஓடிட்டு இருக்கறப்பவே மைக்ரேட் பண்ணுங்க, முடிஞ்சு ஒரு நிமிஷம் கழிச்சு சேர்ந்த ஹோஸ்டோட பவர பிடுங்குவோம். ஷட்டவுன் இல்ல, ரெண்டு பவர் சப்ளை கேபிளையும் கையால. திரும்ப ஆன் பண்ணி, பிமெம்ல இருக்கற கடைசி நம்பர் என் லேப்டாப்ல இருக்கற கடைசி நம்பருக்கு சமமாவோ கூடவோ இருக்கான்னு பாப்போம். குறைஞ்சிருந்தா அந்த ஹோஸ்ட் ஜோடிக்கு நடுவுல என் விஎம்ம நகத்தாதீங்க.

வர்ற சனிக்கிழமை நான் ஃப்ரீ. டேட்டா சென்டர் ஆக்சஸ் வாங்கி வைங்க, கேபிள நானே பிடுங்கறேன்.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு உங்களுக்கு போன் போட்ட அதே டிபிஏ