ஒரு வேளையும் தவறாமல் காத்தவர்களுக்கு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பணியாற்றும் அனைவருக்கும், எங்கள் தெரு ஆச்சிக்கும், ஊரடங்கில் மாத்திரை கொண்டுவந்த தம்பிக்கும், முக்கூடலில் பீடி சுற்றும் ஒருத்தியின் நன்றி கலந்த வணக்கம்.

2012-இல் நம்பிக்கை மையம் என்னும் அரசுப் பரிசோதனை மையத்தில் எச்.ஐ.வி. தொற்று உறுதியானபோது, நோயை எதிர்க்கும் என் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 168 ஆகக் குறைந்திருந்தது. ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் கொண்ட கூட்டு மருந்தை இரு வேளையும் விழுங்கத் தொடங்கிய மூன்றாம் மாதம், சுளகை மடியில் வைத்து உட்காரவும் தெம்பில்லாமல் போனேன். மருந்தையே நிறுத்திவிட எண்ணியிருந்த என்னிடம், ஜிடோவுடினால் வந்த இரத்தசோகை இது என்று பொறுமையாக விளக்கி, அதற்குப் பதில் டெனோஃபோவிரைத் தந்து என்னைத் திரும்ப எழச் செய்தவர் அங்கிருந்த மருத்துவர் அம்மா.

மருந்தாளுநர் அண்ணாச்சி மாதந்தோறும் என் டப்பாவைத் தட்டில் கவிழ்த்து, மீதி மாத்திரைகளை இரண்டிரண்டாக ஒதுக்கி எண்ணுவார். ஒருமுறை நான்கு கூடுதலாக இருந்தன. அவர் கடிந்துகொள்ளாமல், எந்தெந்த நாள் விட்டுப்போனது என்று மட்டும் கேட்டார். கோயில் கொடை விழாவுக்கு வந்த உறவினர்களால் வீடு நிறைந்திருந்த நாட்கள் அவை. வேளை தவறினால் கிருமி மருந்துக்குப் பழகி, பிறகு அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்பதை ஆலோசகர் அக்கா அன்று எனக்குப் படம் வரைந்தே புரியவைத்தார்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மாத்திரை அவருடைய வெற்றிலைச் செல்லத்துக்குள் குடியேறியது. யார் வந்திருந்தாலும் இரவு ஒன்பது மணிக்கு, "ஏட்டி, என் செல்லத்தை எடுத்துட்டு வா" என்று திண்ணையிலிருந்து குரல் வரும்.

2020 ஊரடங்கில் பேருந்துகள் நின்றபோது, பைக்கில் வந்து தாமிரபரணிப் படித்துறையில் காத்திருந்து, மேலொட்டிய தாளைக் கிழித்துவிட்டு டப்பாவை என் கையில் கொடுத்துச் சென்ற தம்பியின் முகத்தை முகக்கவசத்தால் நான் முழுதாகப் பார்த்ததுகூட இல்லை.

இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. என் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. இதைக் கேட்டு, இனி மருந்து எதற்கு என்பவர்கள் உண்டு. அணுக்களுக்குள் உறங்கும் கிருமி மருந்தை நிறுத்தினால் மீண்டும் பெருகும் என்பதால், அந்தப் பேச்சுக்கு நான் காது கொடுப்பதில்லை.

சென்ற தை மாதம் ஆச்சி காலமானார். செல்லத்தை அவருடைய மகள் என்னிடமே தந்துவிட்டார். மாத்திரை இன்றும் அதில்தான் இருக்கிறது, சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
முக்கூடல் பீடித் தொழிலாளி ஒருத்தி