விஸ்கஸ் ஃபேனை இனி ‘டைரக்ட்’ செய்து தரமாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதுரை டவுன் பஸ், மினி பஸ், வேன் உரிமையாளர்கள் அனைவருக்கும் எங்கள் ரேடியேட்டர் பட்டறையின் வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, சிம்மக்கல் வருவதற்குள் சிவப்பைத் தொடுகிறது. ஓட்டுநர்கள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, ஃபேனை டைரக்டா பூட்டிருங்க, வால்வையும் கழட்டிருங்க.” ‘டைரக்ட்’ என்றால், விஸ்கஸ் ஃபேன் எப்போதும் என்ஜினோடு சேர்ந்தே சுற்றும்படி பூட்டிவிடுவது; வால்வு என்றால் தெர்மோஸ்டாட் வால்வு. அவசரத்துக்கு நாங்களும் செய்து கொடுத்திருக்கிறோம். இனி செய்யமாட்டோம். டீசலுக்குக் காசு கொடுப்பவர் நீங்கள், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

ஃபேனைச் சுற்றுவதும் உங்கள் டீசல்தான். அதன் வேகம் இரண்டு மடங்கானால் இழுக்கும் சக்தி எட்டு மடங்காகும். விஸ்கஸ் ஃபேனின் நடுவே, அதை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கில், சிலிகான் எண்ணெய் இருக்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் முன்பக்கத்துப் பட்டை வளைந்து எண்ணெய்க்கு வழி விடும், ஃபேன் பிடித்துக்கொள்ளும். காற்றின் சூடு குறைந்தால் தளர்ந்துவிடும். பூட்டிவிட்டாலோ, விடிகாலையில் மாட்டுத்தாவணியை விட்டுக் கிளம்பும் முதல் டிரிப்பிலும் தேவையே இல்லாமல் என்ஜினை இழுத்துக்கொண்டிருக்கும். ரிங் ரோட்டில் எதிர்க்காற்றே போதும், அங்கேயும் இதே கதைதான்.

என்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றுவது இன்னும் கெடுதல். பெரும்பாலான டீசல் வண்டிகளில் 80 டிகிரியை ஒட்டித்தான் அது திறக்கத் தொடங்கும். வால்வு இல்லாத என்ஜின் சூடாவதற்கே நேரம் எடுக்கும். அதுவரை டீசல் சரியாக எரியாது, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேயும்.

சரி, அப்படியானால் சூடு ஏன் ஏறுகிறது? நாங்கள் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் ரேடியேட்டரில் ஊற்றிய போர்வெல் தண்ணீர்தான் காரணம். நம் ஊர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து, மெல்லிய பூச்சாக இருந்தாலும் சூட்டை வெளியே விடாது. வெளிப்பக்கம் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். ஃபேனைச் சுற்றியுள்ள கூடு (ஷ்ரவுட்) உடைந்திருந்தால், வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வரும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். இவற்றைச் சரிசெய்யாமல் ஃபேனைப் பூட்டினால், நோய் அப்படியே இருக்கும், டீசல் செலவு மட்டும் கூடும்.

ஆகவே இனி வரும் வண்டியில் முதலில் இவற்றைத்தான் பார்ப்போம். வால்வை உங்கள் கண் முன்னே வெந்நீரில் போட்டு, எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று காட்டுவோம். ஃபேன் கப்ளிங்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை மாற்றத்தான் சொல்வோம். செலவு கொஞ்சம் கூடும், மறைக்கவில்லை. போர்வெல் தண்ணீருக்குப் பதிலாக, கம்பெனி சொல்லும் அளவில் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவோம்.

கரண்ட் ஃபேன் மாட்டலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்க்காமல் மாட்டித் தரமாட்டோம்.

வண்டியை என்ஜின் ஆறியபின் கொண்டு வாருங்கள், காலையில் முதல் ஆளாக வந்தால் நல்லது. வழியில் சூடேறி நின்றால் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ரேடியேட்டர் பட்டறை, மதுரை