மாடல்களைப் படம் எடுக்கப் போகும் என் பிள்ளைக்கு

அன்புள்ள கண்ணா,

ஈவன்ட் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு மாடல்களை வைத்துப் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் எல்லாவற்றையும் கோவையாகச் சொல்ல வராது, நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கேமராவைப் பற்றி உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் இத்தனை வருஷமாக மேக்கப் பெட்டியோடு செட்டின் ஓரத்தில் நின்றவள் நான். படம் எடுக்கிறவர் கண்ணில் படாத ஒரு பக்கம் எனக்குத் தெரியும். ஷூட்டுக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து மாடல்கள் பேசுவதையும், முடிந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசுவதையும் கேட்டவள். அதிலிருந்துதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

கல்யாணம், மாநாடு, விருது விழா என்று நீ இதுவரை எடுத்ததில் எல்லாம், நீ அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் உன் கெட்டிக்காரத்தனம். அடுத்து யார் சிரிப்பார், யார் கண் கலங்குவார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து ஓரமாக நின்றுகொள்வாய். அங்கே இருப்பவர்களுக்கு அவரவர் காரியம் இருக்கிறது, உன்னைக் கவனிக்க நேரமில்லை. மாடல் ஷூட்டில் அப்படி எதுவும் நடந்துகொண்டிருக்காது. பேப்பர் விரித்த தரை, ஒன்றிரண்டு லைட், எதிரே நீ, அவ்வளவுதான். நீ வாய் திறக்காவிட்டால் அந்த அறையில் ஷட்டர் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

அந்த அமைதி எதிரே நிற்கிறவளை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். புதுப் பெண், நன்றாகத்தான் நிற்கிறாள். படம் எடுக்கிறவர் நாலைந்து ஷாட் எடுத்துவிட்டு கேமராவின் திரையைப் பார்க்கிறார், புருவத்தைச் சுருக்குகிறார், ஒன்றும் சொல்லாமல் லைட் ஸ்டாண்டை அரை அடி நகர்த்துகிறார், மறுபடி எடுக்கிறார், மறுபடி திரையைப் பார்க்கிறார். அவர் கவலை முழுக்க மூக்கின் நிழல் மேல். அவளுக்கு அது எப்படித் தெரியும்? தன் மூக்கு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். முதலில் தோள் மெல்ல மேலே ஏறும், அப்புறம் கழுத்து குறுகும், கை விரல்கள் விறைக்கும், கடைசியில் வாயோரம் இறுகிப்போகும். அதற்குப் பிறகு எந்த லென்ஸ் போட்டாலும் அந்த முகம் திரும்பி வராது. டச்-அப் பண்ண நான் பக்கத்தில் போனால், "அக்கா, நான் சரியா பண்ணலையா?" என்று கிசுகிசுப்பாள். ஆட்கள்தான் மாறுவார்கள், இந்தக் கேள்வி மாறுவதேயில்லை.

அதனால் பேசு கண்ணா. திரையைப் பார்க்கும்போதே "நீங்க நல்லா இருக்கீங்க, லைட்டைத்தான் மாத்துறேன்" என்று சொல்லிவிடு. சும்மா சூப்பர், சூப்பர் என்று அடுக்குவதால் பயன் இல்லை, ரெண்டு நிமிஷத்தில் அது காதில் விழாமலே போய்விடும். எது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். "அந்தக் கையை அப்படியே வைங்க, பார்வையை மட்டும் ஜன்னல் பக்கம் கொண்டுபோங்க" என்றால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கிறது. இடது, வலது என்று சொன்னால் எதிரெதிரே நிற்பவர்களுக்குக் குழப்பம்தான் வரும், ஜன்னல், கதவு, லைட் என்று பொருளைச் சொல்லு. வாயால் விளக்க முடியாததை நீயே நின்று காட்டு. "சோகமா இருங்க" என்றால் யாராலும் சட்டென்று அப்படி ஆகிவிட முடியாது. "அந்தச் சுவரிலிருந்து நடந்து வாங்க, நான் கூப்பிட்டதும் திரும்புங்க" என்றால் உடம்புக்கு ஒரு வேலை கிடைக்கும், முகம் தானாக அதன் பின்னால் வரும்.

போஸ் பற்றி எழுதினால் பக்கம் பக்கமாகப் போகும். எப்போதும் கண்ணில் பட வேண்டியதை மட்டும் சொல்கிறேன். எடை பின்காலில் இருக்கட்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி கொஞ்சம் இடைவெளி வேண்டும். புறங்கை அப்படியே கேமராவைப் பார்த்தால் அகலமாகத் தெரியும், பக்கவாட்டில் திருப்பச் சொல்லு. நெற்றியைக் கொஞ்சம் உன் பக்கம் நீட்டச் சொன்னால் தாடைக் கோடு தெளிவாக விழும். அப்புறம் முக்கியமாக, ஈவன்ட் பழக்கத்தில் படபடவென்று தொடர்ச்சியாகச் சுடாதே. ஸ்டூடியோ ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக நேரம் வேண்டும், அந்தப் பெண்ணுக்கும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்வதால் பழைய வேலையைத் தூக்கிப்போடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மார்ட்டின் முன்காச்சி என்று ஹங்கேரியில் பிறந்த ஒருவர், விளையாட்டுப் போட்டிகளையும் செய்தி நிகழ்ச்சிகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். 1933-இல் ஹார்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்த கார்மெல் ஸ்னோ அவரை நீச்சலுடைப் படம் எடுக்க அழைத்தார். அதுவரை ஃபேஷன் படமென்றால் ஸ்டூடியோவில் அசையாமல் நிற்கிற பெண்கள்தான். முன்காச்சிக்கோ ஆங்கிலம் சரியாக வராது, அந்த நாளும் குளிரான நாள். லூசில் புரோகா என்ற அந்தப் பெண்ணைக் கடற்கரையில் தன்னை நோக்கி ஓடிவரும்படி சைகை காட்டினார், அவள் ஓடிவந்தாள், மேலங்கி பின்னால் பறக்க அப்படியே எடுத்தார். பந்தயத்தில் ஓடுகிறவனை எடுக்கிற அதே கண், அதே கை. ஃபேஷன் படம் நடக்கவும் ஓடவும் ஆரம்பித்ததை அந்தப் படத்திலிருந்துதான் சொல்வார்கள். பின்னாளில் அதே பத்திரிகையில் பேரெடுத்த புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடானும் தனக்கு வழிகாட்டியாக முன்காச்சியைத்தான் சொன்னார்.

நீயும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறாய். போஸ் கொடுத்து முடித்துவிட்டு மூச்சு விடுகிறாளே, முடியை ஒதுக்குகிறாளே, யாரோ சொன்னதற்குச் சட்டென்று சிரித்துத் திரும்புகிறாளே, அந்த நொடி ஸ்டூடியோவிலேயே வளர்ந்தவர்களுக்கு நழுவிப்போகும், உனக்குப் போகாது. 1988-இல் பீட்டர் லிண்ட்பெர்க் என்ற புகைப்படக்காரர் ஆறு மாடல்களுக்கு வெறும் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு அமெரிக்காவின் சான்டா மோனிகா கடற்கரையில் எடுத்தாரே, அதில் அவர்கள் தோழிகள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். மேக்கப் இருக்கிற இடமே தெரியாது. மேக்கப் போட்டே வாழ்ந்த எனக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிக்கும்.

அடுத்தது லைட். இதில் உனக்குப் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை விட்டே ஆக வேண்டும். இதுவரை கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றி, லென்ஸின் வாயை எஃப் 2.8-இல் அகலத் திறந்துவைத்து, இருக்கிற வெளிச்சத்தைத் துரத்தினாய். இனி வெளிச்சம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீ முடிவு செய்கிறாய். ஐஎஸ்ஓ 100, லென்ஸின் வாயைக் குறுக்கி எஃப் 8, ஷட்டர் 1/160 நொடி என்று வைத்து ஃபிளாஷ் இல்லாமல் ஒரு ஷாட் எடுத்துப் பார். சாதாரண அறை வெளிச்சத்தில் படம் கிட்டத்தட்டக் கறுப்பாக வரும். அதன் பிறகு படத்தில் தெரிகிற ஒவ்வொரு வெளிச்சமும் நீ வைத்ததுதான். ஒரே ஒரு லைட்டில் ஆரம்பி. வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின் முன்னால் மாட்டுகிற துணிப்பெட்டி, அந்த சாஃப்ட்பாக்ஸ், முகத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு மென்மை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். லைட் முகத்திலிருந்து ஒரு மீட்டரிலும் பின்சுவர் லைட்டிலிருந்து மூன்று மீட்டரிலும் இருந்தால் சுவருக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்குதான், வெள்ளைச் சுவரே சாம்பல் நிறமாகத் தெரியும். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் பாதி ஸ்டூடியோ உன் கையில்.

கேமராவின் தலையில் மாட்டுகிற ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்காதே. சில பவுடர்களில் சிலிக்கா இருக்கும், வெயிலுக்குப் போடும் கிரீம்களில் டைட்டானியம் டையாக்சைடு இருக்கும். நேர் ஃபிளாஷ் பட்டால் அது அப்படியே திருப்பியடித்து முகம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது, படத்தில் மட்டும் வரும். பழி மேக்கப் போட்டவர் மேல் விழும். லைட் எங்கிருந்து வருகிறது, நிழல் அழுத்தமாக விழும் வெளிச்சமா மென்மையானதா என்று மேக்கப்புக்கு உட்காரும் முன்பே அவரிடம் சொல்லிவிடு, அதற்கேற்ற மாதிரி போடுவார். முகத்தை எடுக்க 24 எம்எம் அகல லென்ஸை வைத்துக்கொண்டு கிட்டே போகாதே. உண்மையில் முகத்தை மாற்றுவது தூரம்தான், ரொம்ப நெருங்கினால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய்விடும். 85 எம்எம் லென்ஸைப் போட்டுக்கொண்டு இரண்டு மீட்டர் தள்ளி நில்.

இனி சொல்வதை ரெண்டு தடவை படி. உன் முன்னால் நிற்கிற பெண்ணோ பையனோ உன்னை நம்பித்தான் அங்கே நிற்கிறார்கள். என்ன உடை, எவ்வளவு தெரியும், படம் எங்கே வரும், எல்லாவற்றையும் முந்தைய நாளே எழுத்தில் அனுப்பிவிடு. ஷூட் நடுவில், மூட் நன்றாக இருக்கிறது என்று புதிதாக ஒன்றைக் கேட்காதே. அந்த நேரத்தில் முடியாது என்று சொல்வது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், என் நாற்காலியில் வந்துதான் அழுவார்கள். முடியை ஒதுக்கவோ காலரைச் சரிசெய்யவோ நீ கை வைக்காதே, மேக்கப் போடுகிறவரையோ ஸ்டைலிஸ்ட்டையோ கூப்பிடு. யாரும் இல்லையென்றால் வாயால் சொல்லு, அவர்களே சரிசெய்துகொள்வார்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள இடம் வேண்டும். கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்டால் தாராளமாக என்று சொல், கேட்காவிட்டாலும் நீயே சொல். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் பெற்றவர்களோ பொறுப்பானவர்களோ உடன் இல்லாமல் கேமராவை வெளியே எடுக்காதே. படத்தைப் பயன்படுத்தச் சம்மதக் கடிதம் வாங்கு, வாங்கும்போது அவசரப்படுத்தாதே, வாசிக்க நேரம் கொடு. 2018 ஜனவரியில் வோக் பத்திரிகையை நடத்தும் காண்டே நாஸ்ட் நிறுவனம் தன் ஷூட்களுக்கு இதே மாதிரி விதிகள் கொண்டுவந்தது. பதினெட்டுக்குக் கீழே மாடல் கூடாது, செட்டில் மது கூடாது, உடல் தெரியும் படமென்றால் முன்கூட்டியே சம்மதம் வேண்டும், மாடலைத் தனியாக விடக் கூடாது என்றெல்லாம். அவ்வளவு பெரிய இடத்துக்கே எழுதிவைக்க வேண்டியிருந்தது. உன் இடம் சின்னதுதான் என்றாலும் நீயும் எழுதி வை.

எடுத்த படத்தைக் கணினியில் திருத்துகிற ரீடச்சில் என் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வாரத்தில் போகப்போகிற பருவை எடுத்துவிடலாம். மச்சம், தழும்பு மாதிரி கூடவே இருப்பதை அவர்களைக் கேட்காமல் தொடாதே. இடுப்பைக் குறுக்குவது, காலை நீட்டுவது வேண்டவே வேண்டாம். பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து விளம்பரப் படத்தில் மாடலின் உடல் வடிவத்தை மாற்றினால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அந்தப் படத்தை அந்தப் பெண் பார்க்கத்தானே போகிறாள்.

ஆரம்பத்தில் காசு வராது, அதனால் ஈவன்ட் வேலையை உடனே விட்டுவிடாதே. மாடல் ஏஜென்சிகளில் புது முகங்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் படம் தேவை, உனக்கும் தேவை, இரண்டு பக்கமும் காசு வாங்காத டெஸ்ட் ஷூட் கேட்டுப் பார். உன் போர்ட்ஃபோலியோவில் மேடைப் படங்களையும் கூட்டப் படங்களையும் எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு நல்ல படம் மட்டும் வை. இப்படிக் காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் உதவியாகச் செய்யும் ஷூட்டில் அவர்களுக்குக் கிடைக்கிற சம்பளமே அந்தப் படங்கள்தான். நான் அதிகம் கேட்ட குறை என்ன தெரியுமா? "படம் வரவே இல்லை அக்கா" என்பதுதான். ஈவன்டில் நூற்றுக்கணக்கில் கொடுத்துப் பழகியவன் நீ, இங்கே எட்டு படம் கொடுத்தால் போதும், ஆனால் சொன்ன தேதியில் கொடு. மேக்கப், ஹேர், ஸ்டைலிங் செய்தவர்களுக்கும் அனுப்பு, பெயர் போடும்போது அவர்கள் பெயரையும் போடு.

முதல் ஷூட் தேதி முடிவானதும் எனக்குச் சொல். மேக்கப்புக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கு, "அரை மணி நேரத்தில் முடியுமா" என்று யாரையும் கேட்காதே. அந்தப் பெண்ணுக்கு எந்தப் பொருளாவது ஒவ்வாமை தருமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள், பொய் இமை ஒட்டக் கண் ஓரத்தில் போடும் பசையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா