கல்நார் நோய் வழக்குகளில் துணைநின்றோருக்கு நன்றி மடல்

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நோயுற்ற தொழிலாளர்களின் இழப்பீட்டு வழக்குகளுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, சாட்சி சொல்ல வந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு. தூசி உள்ளே போய்ப் பல ஆண்டுகள் கழித்தே இந்த நோய் தலைகாட்டும். பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் ஆலை மூடியிருக்கும், பதிவேடுகளைச் செல்லரித்திருக்கும். கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தையதோ அதுவரை காக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-லேயே உத்தரவிட்டது. ஆனால் பதிவேடு கைக்கு வராத வழக்குகளில் மிஞ்சுவது பக்கத்து இயந்திரத்தில் நின்றவரின் நினைவுதான்.

‘தூசி அதிகமாக இருந்தது’ என்ற வரியை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. சாக்கை யார் கிழித்துக் கொட்டினார்கள், உலர்வாகவா நனைத்தா, கேஸ்கெட்டை (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகட்டை) கத்தியால் வெட்டினார்களா சக்கரத்தில் தேய்த்தார்களா, உறிஞ்சு விசிறி ஓடியதா, நோயாளி எத்தனை அடி தள்ளி நின்றார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று நீங்கள் பிரித்துச் சொன்னீர்கள். ஆண்டு நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே சொன்னீர்கள். ஐந்து வாக்குமூலங்கள் ஒரே வாசகத்தில் தட்டச்சாகியிருந்தால் குறுக்கு விசாரணையில் ஐந்தும் ஒன்றாகச் சரியும். அவரவர் பேச்சிலேயே எழுத வேண்டுமென்று நீங்கள் பிடித்த பிடிவாதம் அதைத் தடுத்தது. வேலைத்தளத்தின் படத்தைக் கையால் வரைந்து கொடுத்தவர்களுக்குத் தனி நன்றி.

மருத்துவர்களுக்கு: ‘என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்டதற்கே நன்றி. அந்தக் கேள்வி விடுபட்டால் காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடும். சி.டி. ஸ்கேனை நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தும் எடுத்தீர்கள். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பகுதி அமுங்கி, கல்நார் விட்ட தழும்பு போலவே தெரியும். எதிர்த்தரப்பு நிபுணர் அந்தச் சந்தேகத்தைத்தான் பிடித்துக்கொள்வார். மூச்சுக் கொள்ளளவோடு வாயுப் பரிமாற்றத் திறனையும் அளந்து அறிக்கையில் சேர்த்தது, படத்தில் நோய் லேசாகத் தெரிந்தவர்களுக்குப் பேருதவி.

திசு ஆய்வகத்தாருக்கு: நோயாளியின் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளை அப்புறப்படுத்தாமல் வைத்திருந்தீர்கள். மீசோதீலியோமாவையும் சாதாரண நுரையீரல் புற்றுநோயையும் பிரித்துக் காட்டும் சாயப் பரிசோதனைகளை அந்தக் கட்டியிலிருந்துதான் மீண்டும் செய்ய முடியும். நெஞ்சில் கோத்த நீரின் அறிக்கை மட்டும் இருந்தால் வாதம் பாதியிலேயே நிற்கும்.

புகைத்தவர் என்றால் வழக்கு போயிற்று என்று பயமுறுத்துவார்கள். மீசோதீலியோமாவுக்குப் புகை காரணமல்ல. நுரையீரல் புற்றுநோயில் புகையும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பெருகுமே தவிர, கல்நாரின் பங்கு அழிந்துபோகாது. இதைச் சாட்சிக் கூண்டில் நின்று எளிய சொற்களில் விளக்கிய நிபுணர்களுக்கு எங்கள் வணக்கம்.

வழக்கறிஞர்கள் செய்தவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறோம். படுக்கையில் கிடந்தவர்களின் சாட்சியத்தை, வழக்குப் பட்டியல் வரும்வரை காத்திராமல், நேரில் போய்ப் பதிவுசெய்ய வைத்தார்கள். சமரசப் பத்திரத்தில் ‘இனி எக்கோரிக்கையும் இல்லை’ என்ற வரியைக் கண்டால் கையெழுத்தைத் தடுத்தார்கள். இன்று நுரையீரல் உறையில் தடிப்பு மட்டும் உள்ளவருக்கு நாளை புற்றுநோய் வரலாம். அந்த ஒரு வரி அப்போதைய கோரிக்கையையும் அடைத்துவிடும். பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவருக்கு யாருடைய தூசி நோய் தந்தது என்று காட்ட முடியாதே என்ற எதிர்வாதத்தைத் தாண்ட, பிரிட்டனில் அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2002-ல் ஃபேர்சைல்ட் வழக்கில் வழி திறந்தது. அதைத் தேடியெடுத்து முன்வைத்த இளம் வழக்கறிஞர்களுக்கும் நன்றி.

குடும்பத்தாருக்கு: நியமன ஆணை, சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பழைய அடையாள அட்டை எல்லாவற்றையும் பெட்டியில் காத்தீர்கள். தூசி படிந்த வேலை உடைகளைத் துவைத்த பெண்கள் தங்கள் நெஞ்சையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அதுவும் தூசிதான். இறப்புச் சான்றில் ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுத விடாமல் அடிப்படைக் காரணமான நோயின் பெயரையும் எழுதக் கேட்டவர்களால் பல கோரிக்கைகள் உயிரோடு இருக்கின்றன. வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் மூலப் படங்களை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

நன்றியுடன்,
வழக்கு உதவிக் குழுவினர்